வுடு

மணலில் பந்து உருளாது. விழுந்த இடத்தில் உட்கார்ந்துவிடும்.

சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்புக்கும் கடலுக்கும் நடுவில் மேட்டுக் காலனி. அங்கே பிறந்த பிள்ளைகள் கால்பந்து கற்றதெல்லாம் அந்த மணலில்தான். பந்து காலடிக்கு வந்தால் அங்கே ஒரே வேலை, தூக்கி அடிப்பது. யோசித்துக்கொண்டு நின்றால் பந்தும் கூடவே நிற்கும். எதிராளி வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவான். அதனால் ஆடுகிறவனும், கரையேறிய படகின் நிழலில் உட்கார்ந்து பார்க்கிறவனும், கோலாக நட்ட இரண்டு சவுக்குக் கழிகளுக்கு நடுவில் நிற்கிறவனும் கத்துகிற சொல் ஒன்றுதான். "வுடு!" ஓர் உதை விடு என்பதில் உதை உதிர்ந்துபோய் மிச்சம் நின்ற சொல்.

ஏசுபாதத்தின் மகன் ஜெபக்குமாரைப் போல அந்த மணலில் அடிக்க ஆளில்லை. சுனாமி என்கிற பேரே அந்தக் கரைக்குத் தெரியாத காலம் அது. அவனுக்குப் பத்தொன்பது வயது. காலையில் அப்பாவோடு சவுக்கு வெட்டப் போவான். ஏசுபாதம் மரத்தைச் சாய்த்துக் கிளை கழிப்பார். மகன் கட்டைகளைத் தோளில் ஏற்றி லாரி நிற்கிற தார் ரோடு வரைக்கும் நடப்பான். கணுக்கால் புதைகிற மணலில் பகலெல்லாம் சுமை தூக்கிய கால், சாயங்காலம் பந்தை அடித்தால் அது டச்சுக் கோட்டைச் சுவரில் போய் விழும் என்று காலனியில் பேச்சு. அவ்வளவு தூரம் போகாது. ஆனாலும் அவனுடைய அக்கா ஜாக்குலின் அதை யாரிடமும் மறுத்துச் சொன்னதில்லை.

ஜாக்குலின் அதிகம் பேசாத பெண். கல்பாக்கம் டவுன்ஷிப் கடைத்தெருவில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்திருந்தாள். அங்கே அவள் பேச வேண்டிய தேவையே இல்லை. ஆட்கள் வருவார்கள், நம்பர் போடுவார்கள், பேசுவார்கள். கண்ணாடிக் கதவு சரியாக மூடாது. அந்தச் சந்து வழியாக மதுரையும் தஞ்சாவூரும் கோயம்புத்தூரும் நாகர்கோவிலும் அவள் காதுக்கு வந்து போயின. ஒரே விஷயத்தை இத்தனை விதமாகச் சொல்லலாமா என்று முதலில் ஆச்சரியப்பட்டாள். பிறகு முகத்தைப் பார்க்காமலே ஊர் சொல்லப் பழகிக்கொண்டாள்.

டவுன்ஷிப்புக்கு ஒரு கால்பந்துக் குழு இருந்தது. மாவட்ட லீக்கில் ஆடுகிற குழு. வேலைக்காக எங்கெங்கிருந்தோ வந்தவர்கள்தான் அதில் ஆடினார்கள். சுற்று வட்டாரப் பையன்களையும் வரச் சொல்லிப் பார்த்தார் கோச் வரதன். போனவர்களில் பாதிப் பேர் ஷூ கடித்து நின்றுபோனார்கள். மீதிப் பேர் வேலைக்குப் போனார்கள். தொடர்ந்து போனவன் ஜெபக்குமார் ஒருவன்தான். இரண்டு சீசன் அவன் பெஞ்சில் இருந்தான். பயிற்சிக்கு முதல் ஆளாய் வந்து வலை கட்டுவான், கடைசி ஆளாய் வலை அவிழ்ப்பான். முதல் பதினொரு பேரில் மட்டும் அவன் பெயர் வரவில்லை.

மாசி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு நேரம் வந்தது. டவுன்ஷிப் மைதானத்தில் ஆட்டம். கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கிற ஸ்டாப்பருக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. வரதன் பெஞ்சைப் பார்த்தார். "ஜெபா, போ" என்றார்.

அன்று மாலை அவன் சைக்கிளை ஓட்டிக்கொண்டு வரவில்லை. தள்ளிக்கொண்டு வந்தான். கூடவே அவன் கூட்டாளி சின்னராசுவும் வந்தான்.

பொன்னி கேவுருக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். பகலெல்லாம் மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடி பிடுங்கிய கை, அடுப்பு வெளிச்சத்தில் செம்மண் நிறமாக இருந்தது. துடுப்பை நிறுத்தாமல் மகனைப் பார்த்தாள்.

"இன்னாடா, பஞ்சரா?"

"இல்ல."

"அப்பறம் இன்னாத்துக்கு அத்த நீ இட்டுகினு வர? அதுதான ஒன்ன இட்டுகினு வரணும்?"

ஜெபா சைக்கிளைச் சுவரில் சாய்த்தான். சின்னராசுதான் வாயைத் திறந்தான்.

"அத்த, ஒம் புள்ள இன்னிக்கு கோல் போட்டுட்டான்."

"மெய்யாலுமா!" பொன்னியின் துடுப்பு நின்றது.

"நம்ம கோல்ல."

"டேய், நீ வூட்டுக்குப் போடா" என்றான் ஜெபா.

சின்னராசு போகவில்லை. களி வெந்த வாசனை வந்தபிறகு அவன் எங்கும் போகிறவனில்லை. ஜாக்குலின் தம்பிக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவன் குடித்துவிட்டுச் செம்பை வைத்த பிறகு கேட்டாள்.

"எப்டிடா ஆச்சு?"

"பந்து எங்க தலைக்கு மேல வந்து வுழுதுக்கா. நான் நம்ம கோல பாத்து ஓடுறேன். பின்னாடியே ஒர்த்தன் தொரத்திகினு வரான். எதுர்ல நம்ம கீப்பரு வரான். ஹரிகிருஷ்ணன்னு, கேப்டனும் அவன்தான். வுடு, வுடுன்னு கத்திகினே வரான். சரி, வெளிய அடிக்கச் சொல்றான்னு சைடுல திருப்பி ஒண்ணு வுட்டேன். அவன் அதுக்குள்ள அங்கயே வந்து நிக்குறான். அவன் முட்டியில பட்டு உள்ள பூடுச்சி."

"அப்பறம்?"

"எல்லார் எதுர்லயும் திட்டுறான். வுடுன்னு சொன்னா கேக்க மாட்டியாலன்றான். கேட்டுதான வுட்டேன்? அவனே சொல்றான், அவனே திட்டுறான்."

"வேணும்னே பண்ணிகிறான்" என்றாள் பொன்னி. களியை உருட்டித் தட்டில் வைத்த வேகத்தில் அது சப்பையாகிவிட்டது. "காலனிப் புள்ள உள்ள வந்து நின்னா அவனுங்களுக்கு ஆவாது. நீ சொன்னத கேட்டாலும் குத்தம், கேக்கலன்னாலும் குத்தம்."

ஏசுபாதம் வாசலில் உட்கார்ந்து வெட்டுக்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். சொல்ல ஒன்று வைத்திருந்தால் அவர் கத்தியைத்தான் அதிகம் தீட்டுவார்.

"சின்னையன் பங்குனியில வரானாம்" என்றார். சின்னையன் பொன்னியின் தம்பி. சென்னையில் கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிற கூட்டத்தில் இருந்தான். "ஆளு வேணும்ன்றான். இவன கேக்குறான்."

கத்தியைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் தீட்டினார்.

"லீக்கு முடியறவரைக்கும் பாக்கலாம். டீமுல நின்னா நில்லு. இல்லன்னா மாமனோட கெளம்பு. எத்தினி நாளைக்குத்தான் வலய கட்டிகினே இருப்ப?"

"நாம வெட்டுற சவுக்குதான் அங்க சாரத்துக்குப் போவுது" என்றான் சின்னராசு, களியை விழுங்கிக்கொண்டே. "இவன் வெட்டி அனுப்புவான், அப்பால அதும் மேலயே ஏறி நிப்பான்."

வேடிக்கையாகத்தான் சொன்னான். ஜாக்குலினுக்குச் சிரிப்பு வரவில்லை. சின்னையனோடு போனவர்கள் பொங்கலுக்குத்தான் ஊர் திரும்புவார்கள். வரும்போது நல்ல சட்டை போட்டிருப்பார்கள். படகு நிழலில் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்ப்பார்கள். எழுந்து ஆடமாட்டார்கள்.

மறுநாள் ஜெபா போகமாட்டான் என்று நினைத்தாள். மாலையில் பூத்துக்கு எதிரே ஸ்டாஃப் பஸ்கள் வரிசையாக வந்து ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தன. சைக்கிள் கூட்டத்துக்கு நடுவில், கழுத்தில் ஷூக்களைக் கோத்துப் போட்டுக்கொண்டு தம்பி மைதானத்துப் பக்கம் போவது தெரிந்தது. தோளில் சவுக்குப் பட்டையின் கறை அப்படியே இருந்தது. அவன் இந்தப் பக்கம் திரும்பவில்லை. அவன் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவமானப்பட்ட இடத்துக்கே போய் வலை கட்டுவது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. தன்னால் முடிந்திருக்காது என்று மட்டும் தெரிந்தது.

"இன்னா சொன்னாரு கோச்சு?" இரவுச் சாப்பாட்டின்போது கேட்டாள்.

"பதறுறவன ஸ்டாப்பரா வெக்க முடியாதாம்."

"நீ பதறுனியா?"

"இல்லக்கா. சொன்னத செஞ்சேன்."

அந்த வாரக் கடைசியில் ஹரிகிருஷ்ணன் பூத்துக்கு வந்தான். வாரம் தவறாமல் வருகிறவன்தான். உயரமானவன், கதவுக்குள் குனிந்துதான் நுழைவான். வழக்கமாக அவன் வந்தால் ஸ்டூலை உள்ளே தள்ளி வைப்பாள். அன்று தள்ளவில்லை. அவன் நின்றபடியே ஊருக்கு, நாகர்கோவிலுக்கு, நம்பர் போட்டான். கதவு எப்போதும்போல் சந்து விட்டு நின்றது.

"எம்மா, நான்தான். சாப்ட்டியா? … யாரு, பக்கத்துத் தோப்புக்காரனா? வேலிய நகத்தினா நகத்தட்டும். நீ போயி அதுல கைய வைக்காத. … எம்மா, கேளு. விடு. நீ தொடாத, விடு. நான் வந்து பாத்துக்கிடுதேன். … விடுன்னு சொல்லுதேம்லா? விடு, விடு! நான் வாறேன்லா!"

ஜாக்குலின் கையில் இருந்த பேனாவை மேஜையில் வைத்தாள்.

தொடாதே. விடு. நான் வருகிறேன்.

அந்தச் சொல்லுக்கு அப்படியும் ஒரு பொருள் உண்டு என்பது அவளுக்குத் தெரியாததல்ல. வீட்டில் சண்டை வந்தால் அம்மாவே "வுடு, போவட்டும்" என்பாள். ஆனால் பந்தாட்டத்தில் அந்தப் பொருள் ஒருநாளும் வந்ததில்லை. மணலில் விட்ட பந்து எங்கே போகும்? விட்ட இடத்திலேயே கிடக்கும். விடுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. டவுன்ஷிப் மைதானம் இறுகிய தரை. அங்கே தொடாமல் விட்டால் பந்து தானாக உருண்டு கீப்பர் கைக்குப் போய்ச் சேரும்.

அவன் வெளியே வந்தான். பில்லைக் கொடுத்தாள். அவன் திரும்பும்போது, தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம் வருகிற குரலில் கேட்டாள்.

"ஒண்ணு கேக்கணும்."

அவன் நின்றான். இத்தனை நாளில் அவள் ஒரு வார்த்தை பேசி அவன் கேட்டதில்லை.

"கிரவுண்டுல நீங்க விடுன்னு சொன்னா அதுக்கு இன்னா அர்த்தம்?"

"விடுன்னா விடுதான். தொடாம விட்டுரு, கீப்பர் எடுத்துக்கிடுவான்னு அர்த்தம். ஏன்?"

"எங்க ஊர்ல பந்தாடும்போது வுடுன்னா ஒதைன்னு அர்த்தம்."

"எது?"

"ஒதை. எவ்ளோ பலமா முடியுமோ அவ்ளோ பலமா."

அவன் அவளையே பார்த்தான். "நீங்க யாரு?"

"ஜெபக்குமாரோட அக்கா."

அவனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. வெளியே நாலு பேர் திரும்பிப் பார்க்கிற சிரிப்பு. பாதியில் அது நின்றது. ஸ்டூலைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அப்ப நான் சொன்னதத்தான் அவன் செஞ்சிருக்கான்."

"ஆமா."

"என் முட்டிதான் வழியில நின்னிருக்கு."

"ஆமா."

"எல்லாரு முன்னாடியும் ஏசிட்டேனே அவன."

"ஆமா" என்றாள் ஜாக்குலின்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹரிகிருஷ்ணன் காலனிக்கு சைக்கிளில் வந்தான். ஜெபா கரையில் சின்னப் பையன்களோடு வெறுங்காலில் ஆடிக்கொண்டிருந்தான். கீப்பரைப் பார்த்ததும் பந்தைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டான்.

"அக்கா சொன்னா" என்றான் ஹரி.

"என்கிட்டயும் சொல்லிச்சி."

"நீ அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?"

"இன்னான்னு சொல்றது அண்ணாத்த? நீ சொன்னத நீயே இல்லன்ற. நான் எத்த சொல்ல?"

ஹரி செருப்பைக் கழற்றினான். "நானும் ஆடுதேன்" என்றான்.

அதைக் காலனி வெகுநாள் சொல்லிச் சிரித்தது. பதினாறு வயதிலிருந்து கோலுக்குள் நின்றவன், ஆறடி ஆள், மணலில் பத்து எட்டு ஓடுவதற்குள் மூச்சு வாங்கினான். பந்தை எடுக்கக் குனிந்தால் அது அவன் நினைத்த இடத்தில் இல்லை, இரண்டடி முன்னாலேயே உட்கார்ந்திருந்தது. திரும்பும்போது கால் புதைந்து உட்கார்ந்தான். படகு நிழலிலிருந்து சின்னராசு கத்தினான்: "கேப்டனு, கைய குடுக்கவா, கயிறு குடுக்கவா?"

ஜெபா ஓடியதை அப்போதுதான் ஹரி சரியாகப் பார்த்தான். அவன் பாதம் மணலில் பதிந்த மாதிரியே தெரியவில்லை. பந்து விழும் முன்பே அது விழுகிற இடத்தில் அவன் இருந்தான். உருளாத பந்தைத் துரத்த முடியாது. அது எங்கே விழும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அவன் ஒவ்வொரு தடவையும் அங்கே இருந்தான்.

"லேய்" என்றான் ஹரி, மூச்சு திரும்பியதும். "நீ இந்த மண்ணுல இப்படி ஓடுதியே, தரையில ஏன் மெதுவா ஓடுத?"

"ஷூ கனமா கீது அண்ணாத்த. அப்பறம் பெஞ்சுலயே குந்திகினு இருந்தா காலு எங்க ஓடும்?"

ஹரி மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.

"இனிமே 'தொடாத'ன்னுதான் கத்துவேன். சரியா? தொடாதன்னா தொடாத. அதுக்கு உங்க ஊர்ல வேற அர்த்தம் ஒண்ணும் கெடையாதே?"

"இல்ல. அது அதேதான்."

பொன்னி அவனை வீட்டுக்குள் கூப்பிட்டது ஜெபா சொன்னதால்தான். முகம் இன்னும் கடுகடுப்பாகத்தான் இருந்தது. பாயைப் போட்டாள், தட்டை வைத்தாள். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, கத்தரிக்காயும் மொச்சையும் போட்டது. அவன் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான். மூன்றாம் முறை கரண்டி வந்தபோது தட்டின்மேல் கையைக் காட்டினான்.

"போதும், விடுங்கம்மா. விடுங்க."

பொன்னி ஊற்றினாள்.

"ஐயோ, விடுங்கம்மா!"

இன்னொரு கரண்டி ஊற்றினாள். குழம்பு தட்டின் விளிம்புக்கு வந்துவிட்டது. ஜெபாவுக்குப் புரையேறியது. சின்னராசு சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னாத்துக்குடா சிரிக்கிறீங்க? புள்ள வுடுன்னு கேக்குது, ஊத்துறேன்" என்றாள் பொன்னி.

"தொடாதன்னு சொல்லு அண்ணாத்த" என்றான் ஜெபா.

ஹரி அத்தனையையும் சாப்பிட்டுத்தான் எழுந்தான். அவன் சைக்கிளில் ஏறிப்போன பிறகு, "நல்லா துண்ற புள்ள" என்றாள் பொன்னி. அவளிடம் அதைவிடப் பெரிய மன்னிப்பு கிடையாது.

கோச்சிடம் ஹரி பேசினான். வரதன் உடனே உருகிவிடவில்லை. சொல் ஒன்று புரியாமல் போனதற்கு ஒரு கோல் என்பது அவருக்குக் கதை மாதிரி இருந்தது. ஆனால் ஸ்டாப்பரின் கணுக்கால் வீக்கம் வடியவில்லை. லீக்கின் கடைசி ஆட்டம் செங்கல்பட்டில். "இந்த ஒரு மேட்ச் நில்லு. பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

சின்னையனும் ஆட்டத்துக்கு முந்தின நாளே வந்து இறங்கிவிட்டான். திங்கட்கிழமை காலையில் திரும்ப வேண்டும். ஜெபாவுக்காக ஒரு பை தயாராகிவிட்டது; இரண்டு சட்டை, கைலி, போர்வை. பையை மடித்து வைத்தது ஜாக்குலின்தான். வைக்கும்போது ஷூவையும் உள்ளே வைக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். வைக்கவில்லை.

செங்கல்பட்டுக்குக் குடும்பமே பஸ் ஏறியது; சின்னையனும் சின்னராசுவும் கூட. திருக்கழுக்குன்றத்தில் கூட்டம் ஏறி இறங்கியது. மலையைப் பார்த்துச் சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வயல் அறுப்பு முடிந்து தரை வெடித்துக் கிடந்தது. ஏசுபாதம் வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் மகன் டீமில் ஆடி ஒருநாளும் பார்த்ததில்லை. மகன் டீமில் ஆடியதே அந்த ஒரு நாள்தான்.

மைதானத்தில் கடற்காற்று கிடையாது. நாலு மணிக்கும் தரை கொதித்தது. ஜாக்குலின் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கோட்டோரம் நின்றாள். பதினொரு பேர் வரிசையாக வந்தபோது தம்பி கடைசியில் வந்தான். ஜெர்சி அவனுக்கு ஒரு சுற்றுப் பெரிது. ஆனாலும் அவனை அந்த உடையில் பார்த்ததும் அவள் ஓரடி முன்னால் வந்து நின்றாள். பொன்னி கையை நெற்றிக்குக் கொண்டுபோய்ச் சிலுவை போட்டாள்.

"டொக்கு மாரி நிக்குறானே" என்றான் சின்னையன். "காத்தடிச்சா ஜெர்சிதான் ஆடும்போலக்கீது."

கொஞ்ச நேரத்தில் சின்னையன் பேச்சைக் குறைத்துக்கொண்டான். செங்கல்பட்டுக் குழு உயரமாகத் தூக்கித் தூக்கி அடித்தது. ஒவ்வொரு பந்தும் விழுகிற இடத்தில் ஜெபா இருந்தான். தலையில் முட்டினான், காலால் அடித்தான், ஒருமுறை நெஞ்சில் வாங்கி அமைதியாகப் பக்கத்து ஆளுக்குத் தள்ளிவிட்டான். அந்தத் தள்ளலைத்தான் ஜாக்குலின் மறக்கவில்லை. மணலில் அதைக் கற்றிருக்க முடியாது. யாரும் பார்க்காத பயிற்சி மாலைகளில் இந்தத் தரையில் கற்றது அது. எதிர்க் குழுவின் ஒன்பதாம் நம்பர் பையன் அவனைத் தாண்டப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், "யோவ், ஒனக்கு வேற வேலயே இல்லியா?" என்று கேட்டது கோட்டோரம்வரை கேட்டது.

இடைவேளைக்குப் பிறகு டவுன்ஷிப் ஒரு கோல் போட்டது. அதன்பிறகு செங்கல்பட்டு மொத்தமாக மேலே ஏறி வந்தது.

ஆட்டம் முடிகிற சமயம். நடுவிலிருந்து ஒரு பந்து எல்லார் தலைக்கும் மேலே வந்தது. ஜெபா திரும்பித் தன் கோலைப் பார்த்து ஓடினான். ஒன்பதாம் நம்பர் அவன் தோளை உரசிக்கொண்டு ஓடினான். பந்து விழுந்து, எழும்பி, உருண்டது. எதிரிலிருந்து ஹரி பாய்ந்து வந்தான். அன்றைக்கு டவுன்ஷிப்பில் நடந்தது போலவே எல்லாம் இருந்தது. 

ஹரி கத்தினான். பேசி வைத்ததெல்லாம் அந்த நேரத்தில் அவனுக்கு மறந்துபோயிற்று. அம்மாவிடம் கற்ற சொல்தான் வாயில் வந்தது.

"விடு! விடு!"

"செத்தான்" என்றான் சின்னராசு.

ஜெபாவின் வலது கால் பின்னால் போனது. முழு உதைக்குத் தூக்குகிற கால். ஒன்பதாம் நம்பரும் செங்கல்பட்டுப் பையன்தான். அவன் காதிலும் வுடு என்றுதான் விழுந்திருக்க வேண்டும். வரப்போகிற உதையைத் தடுக்க அவன் பக்கவாட்டில் உடம்பை வீசி, கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்தான்.

தூக்கிய கால் கீழே வரவில்லை.

பந்து ஜெபாவுக்கு அடியில் உருண்டு போனது. ஹரி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தான். ஒன்பதாம் நம்பர் புழுதியில் கிடந்தான். ஜெபா ஒற்றைக் காலில், கொக்கு மாதிரி, அப்படியே நின்றான்.

பொன்னி மூடிய கண்ணைத் திறந்து, "இன்னா ஆச்சு? இன்னா ஆச்சு?" என்றாள்.

"வுட்டுட்டான்" என்றாள் ஜாக்குலின்.

"ஐயோ, வுட்டுட்டானா!"

"இல்லம்மா. வுட்டுட்டான்." அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

விசில் ஊதியபிறகு ஒன்பதாம் நம்பர் ஜெபாவிடம் வந்தான். முழங்கை தோலுரிந்திருந்தது.

"அவரு வுடு வுடுன்னு கத்துறாரு. நீ ஏன்யா வுடல?"

"அவரு நாகர்கோவிலு" என்றான் ஜெபா.

அவனுக்குப் புரியவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டான்.

வரதன் ஜெபாவின் முதுகில் ஒன்று தட்டினார். தட்டிய கையை உடனே எடுக்கவில்லை. "அடுத்த சீசனுக்கு ஒன் அளவுக்கு ஜெர்சி தைக்கணும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஏசுபாதம் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.  பஸ்ஸில் திரும்பும்போது மகனுக்கு ஜன்னலோரம் இடம் விட்டு உட்கார்ந்தார்.

மறுநாள் விடிந்ததும் சின்னையன் குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டான். ஜெபா வாசலில் உட்கார்ந்து பழைய சோற்றைக் குடித்துக்கொண்டிருந்தான். நேற்று ஆடியதில் இடுப்பு பிடித்திருந்தது. அப்பா என்ன சொல்லப் போகிறார் என்று அவனுக்கும் தெரியாது. ஜாக்குலின் பூத்துக்குக் கிளம்பி, கிளம்பாமல் நின்றாள். பை, இரவு வைத்த இடத்திலேயே சுவரோரம் இருந்தது.

"இன்னா மாமா, கெளம்பட்டுமா?" என்றான் சின்னையன். "பஸ்ஸு வந்துடும்."

ஏசுபாதம் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். நெடுநேரம் தீட்டினார்.

"வுடு மச்சான்" என்றார்.

சின்னையன், சரி, அனுப்பிவிடச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டான். "எழுந்துருடா மாப்ள" என்று சொல்லிக்கொண்டே பைக்குக் கை நீட்டினான்.

"தொடாத" என்றார் ஏசுபாதம்.

சின்னையனின் கை பாதியில் நின்றது. அவன் மாமனைப் பார்த்தான், மருமகனைப் பார்த்தான். அக்கா அடுப்படியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பதையும் பார்த்தான். பிறகு தன் பையை மட்டும் எடுத்துக்கொண்டான்.

ஜெபா சோற்றுக் குண்டானைக் கழுவி வைத்தான். கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பாவுக்குப் பின்னால் தோப்புக்கு நடந்தான். ஷூக்கள் இரண்டும் கழுத்தில் தொங்கின. சாயங்காலம் அவன் அங்கிருந்து நேராக மைதானத்துக்குப் போகவேண்டும்.